பூஜையில் உட்கார்ந்த புல்லர்

எங்கள் அப்பா திண்டிவனத்தில் சொந்தமாக ஒரு வாடகைக் கார் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. இன்று என் வீட்டில் ஒரு விளக்கு விடாமல் எரிகிறதென்றால் அது அவர் போட்ட பழக்கம். அந்தப் பக்திதான் ஒரு ஆயுத பூஜையன்று அவரைப் பாடாய்ப் படுத்தியது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அக்காவுக்கு விழுப்புரத்தில் ஒரு வரன் கூடிவந்தது. விஜயதசமியன்று காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் மாப்பிள்ளை வீட்டில் தாம்பூலம் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. மாப்பிள்ளைக்கு அக்காவைவிடப் பதினான்கு வயது கூட. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பெரிதாகப் பேசியது காரைத்தான். "சொந்தக் கார்ல வந்து எறங்குற சம்பந்தின்னு தெருவுக்கே சொல்லி வெச்சிருக்கோம்" என்று மாப்பிள்ளையின் தகப்பனார் சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே பஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வீட்டில் இருந்தாள். டீச்சர் டிரெயினிங் போகிறேன் என்று இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். "ஆவட்டும், பாக்கலாம்" என்று அப்பா சொன்னதோடு சரி.

இந்தச் சமயம் பார்த்துக் கார் எண்ணெய் கக்கத் தொடங்கியது. இன்ஜினுக்கு முன்னால் ஃபேன் பெல்ட் ஓடுகிற கப்பி ஒன்று உண்டு. அதன் நடுவில் குடம் மாதிரி ஓர் இரும்பு, கிராங்க் தண்டில் இறுக்கிச் செருகியிருக்கும். மெக்கானிக்குகள் அதை ஹப் என்பார்கள். அதற்குப் பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் கிழிந்துவிட்டது. ஹப்பைக் கழற்றினால்தான் சீல் மாற்ற முடியும். பூஜைக்கு முதல் நாள் அப்பா ரேடியேட்டரை இறக்கி, பெரிய நட்டையும் எடுத்துவிட்டார். ஹப் மட்டும் துருவேறித் தண்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மெக்கானிக் பாயின் பட்டறையிலிருந்து புல்லர் என்ற கருவியை இரவல் வாங்கி வந்தார். நண்டு மாதிரி மூன்று கால். கால்கள் ஹப்பைக் கவ்விக்கொள்ள, நடுத்திருகைத் திருகத் திருக ஹப் வெளியே வந்துவிடுமாம்.

"எல்லாத்தையும் பூஜையில வெச்சிரும்மா. இதையும் ஒரு பெரிய ஸ்பானரையும் மட்டும் வெளியில வெச்சிடு. நாளைக்கி வேலை இருக்குது, சாமி மன்னிச்சிக்கும்" என்று அக்காவிடம் சொன்னார். பக்கத்தில் நானும் இருந்தேன்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டிவிட்டுக் கண்ணைத் திறந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். சரஸ்வதி படத்துக்கு முன்னால், என் பாடப் புத்தகம், அம்மாவின் அரிவாள்மணை, ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றுக்கும் நடுவில், மூன்று காலிலும் சந்தனம் குங்குமம் வைத்து, தலையில் சாமந்திப்பூவோடு புல்லர் உட்கார்ந்திருந்தது.

"யாரு இத இங்க வெச்சது?"

"நாந்தாம்ப்பா. இரவல் பொருளாச்சே, பூஜை போட்டா பாய்க்கும் நல்லதுன்னு வெச்சேன்."

"அப்பா சொன்னப்ப நானும்..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் வாயில் ஒரு பிடி வெல்லப் பொரியைத் திணித்தாள். சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

பக்தியாகப் பதில் சொல்லும் பிள்ளையை எப்படித் திட்டுவது? பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்யாமல் எடுக்கக்கூடாது. வேறு புல்லர் கேட்கலாம் என்று அப்பா பாய் பட்டறைக்கு ஓடினார். நானும் கூடவே ஓடினேன். பட்டறை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது.

"நம்ம பசங்க எல்லாத்தையும் பூஜையில வெச்சிட்டானுங்கண்ணே" என்றார் பாய். "என் சைக்கிளே உள்ள பொட்டு வெச்சிக்கினு நிக்குது. நானே நடந்துதான் வந்தேன்." எங்கள் கையில் ஆளுக்கொரு சுண்டல் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் என் தாய்மாமன் இருந்தார். மெட்ராஸில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. "இன்னா மச்சான், இதுக்குப் போயி! சூடு பட்டா இரும்பு விரியும், வெந்நி ஊத்துங்க" என்றார். அம்மா வடைச் சட்டியை இறக்கிவிட்டு ஒரு குடம் வெந்நீர் போட்டாள். ஊற்றினார்கள். ஹப் அசையவில்லை, மாமாதான் காலை உதறிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினார். சுத்தியல் பூஜையில் இருந்ததால், எப்படியோ பூஜைக்குத் தப்பிய உலக்கையால் தட்டினார்கள். உலக்கையின் பூண் கழன்றது. ஹப் கழலவில்லை.

கடைசியில் கிணற்றுக் கயிற்றை ஹப்பில் கட்டி, பக்கத்தில் வேர்க்கடலை விற்கும் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டு இழுத்தார்கள். "வருது, வருது, வுடாதீங்க!" என்று மாமா கத்தினார். வந்தது உண்மைதான். ஹப் வரவில்லை, கார் வந்தது. ஹேண்ட் பிரேக் போட யாருக்கும் தோன்றவில்லை. இழுத்த இருவரையும் மாமாவையும் எதிர்வீட்டு வைக்கோல் போரில் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதது போல நின்றது.

பொழுது சாய்வதற்குள் அப்பா இரும்பை ஊர் மாகாளேஸ்வரர் உட்பட மூன்று சாமிக்கு நேர்ந்துகொண்டுவிட்டார். அக்கா அன்று முழுக்கப் பூஜையை விட்டு நகரவில்லை. விளக்குக்கு எண்ணெய் விடுவதும் புல்லரின் பூவைச் சரிசெய்வதுமாக இருந்தாள். என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

விஜயதசமியன்று விடிந்ததும் மறுபூஜை. எட்டு மணிக்கு வண்டி கிளம்பினால் ஒன்பதுக்கெல்லாம் விழுப்புரம். கணக்குச் சரியாக இருந்தது. அப்பா கும்பிட்டுவிட்டுப் புல்லரைத் தூக்கினார். அதன் அடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. டீச்சர் டிரெயினிங் மனு. அக்காவின் முத்து முத்தான கையெழுத்தில் எல்லாம் பூர்த்தியாகி, தகப்பனார் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இது இன்னாம்மா?"

"அதுவும் பூஜையில வெச்சதுதாம்ப்பா." அக்கா தலை நிமிரவில்லை. "மறுபூஜை ஆனதும் மொதல்ல பேனாவத் தொடணும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

பேனாவை எடுத்து நீட்டினாள்.

"ஜல்தி வாங்க மச்சான், நேரமாவுது!" என்று வெளியிலிருந்து மாமா கூவினார்.

அப்பா காகிதத்தைப் பார்த்தார். கையிலிருந்த புல்லரைப் பார்த்தார். அக்காவை வெகுநேரம் பார்த்தார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சர்க்கார் மனு என்றும் பாராமல் மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

பத்தே நிமிஷத்தில் புல்லர் ஹப்பைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டது. மாமா குதித்தார். அப்பா குதிக்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டாக மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். புது சீலை மாட்டினார், கழற்றினார், திரும்ப மாட்டினார். நடுவில் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். "அவசரப்பட்டா திரும்ப ஒழுவும்டா" என்று மாமாவை அடக்கினார். கடைசி நட்டு இறுகியபோது மண்டிக் கடிகாரம் பதினொன்று அடித்தது; தாம்பூல நேரம் தாண்டி அரை மணி.

எனக்கு ஒரே கோபம். முதல் நாள் அப்படிப் பறந்த மனுஷர், கருவி கைக்கு வந்த பிறகு ஏன் இப்படி ஆமையாய் வேலை செய்கிறார்? பாவம், அக்கா வேறு அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். விழுப்புரம் போக முடியாத வருத்தம் என்று நினைத்து, என் பங்குப் பொரியை எடுத்துக்கொண்டு போய் அவளைத் தேற்றினேன்.