ஹம் வரைக்கும் ஒரு விருந்து

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் யாருடையவை என்று கேட்காதீர்கள், எனக்கே சில நாட்களில் மறந்துபோகும். ஜெர்மனியில் இந்த டோர்ட்மண்டுக்கு வந்த எந்த உறவுக்காரரும் என் கையால் சாப்பிடாமல் போனதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதால் எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அவசரப்படுகிறவர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

போன கோடையில் என் தங்கையின் பேத்தி கனடாவிலிருந்து வந்தாள். படிப்பு முடிந்த கையோடு, முதுகில் ஒரு பையுடன், ஐரோப்பாவில் இருக்கிற சொந்தம் சிநேகிதம் எல்லாரையும் பார்த்துவிடுவது என்று புறப்பட்டவள். லண்டனில் ஒரு கிழமை, ஒஸ்லோவில் ஒரு கிழமை, பிறகு பாரிஸ். ஒஸ்லோவில் வாங்கிய காற்சட்டை பாரிஸில் பூட்டுப்படவில்லை என்று அவளே சொன்னாள். அப்படிக் கவனித்திருக்கிறார்கள்.

நான் நண்டுக்கறி வைத்தேன். அவள் ஓட்டைக் கடித்து உறிஞ்சுகிற நேரம் பார்த்து, படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடச் சொன்னேன்.

"அம்மா, கொலோன் மாமி பாத்தா சண்டைக்கு வருவா" என்றாள் மகள்.

"வரட்டும். நண்டு நல்லா வந்திருக்கு. போடு."

தேத்தண்ணி ஆறுவதற்குள் கொலோனிலிருந்து போன். என் தம்பியின் மனைவி.

"என்ன மச்சாள், பிள்ளை உங்களுக்கு மட்டுமோ சொந்தம்? நாளைக்கு இஞ்சை அனுப்புங்கோ. ரெண்டு நாள் நிண்டிட்டுப் போகட்டும்."

வைத்த கையோடு டுசல்டோர்ஃபிலிருந்து இன்னொரு தங்கையின் மகன். "பெரியம்மா, கொலோனுக்குப் போற வழியிலைதானே நாங்கள் இருக்கிறம்? எங்களைத் தாண்டியோ போவா?"

எங்களிடம் ஒரு வழக்கம். தூரத்திலிருந்து வந்த பிள்ளை ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மற்ற வீட்டில் சாப்பிடாமல் போனால், அந்த வீட்டார் உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வந்து சாப்பிடாமல் போவார்கள். என் மூத்த பேரனுக்குக் கலியாணம் பேசி வைத்திருந்த நேரம் அது.

பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. குசினிக்குள் என் பின்னால் வந்து நின்றாள்.

"பெரியம்மம்மா, நாளைக்கு நான் பெர்லினுக்குப் போகோணும். அங்கை என்ரை சிநேகிதி இருக்கிறாள். சின்ன வயசிலை இருந்து ஒரே வகுப்பு. நாளையிண்டைக்கு விடிய வேலைக்கெண்டு ஜப்பானுக்குப் போறாள். இப்ப விட்டா எப்ப காணுவனோ தெரியாது. இந்தப் பயணம் வெளிக்கிட்டதே அவளைப் பாக்கத்தான். சொன்னா, சொந்தத்தைவிடச் சிநேகிதியோ பெரிசு எண்டு கேப்பினம்."

"நானும் அதைத்தான் கேக்க வாயெடுத்தனான்" என்றேன். அவள் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

ஆறு வளர்த்தவளுக்கு அது போதும். "எத்தினை மணிக்கு ரெயின்?" என்று கேட்டேன்.

"மத்தியானம். கொலோனிலை இருந்து வாற ரெயின்."

"டுசல்டோர்ஃபாலையோ வருது?"

"ஓம்."

"இஞ்சை விட்டா அடுத்தது எங்கை நிக்கும்?"

"ஹம்."

போனை எடுத்தேன். "மச்சாள், பிள்ளைக்கு உங்களிட்டை வரேலாது. நீங்கள் பிள்ளையிட்டை வாங்கோ. நாளைக்கு மத்தியானம் அவள் பெர்லினுக்குப் போற ரெயின் கொலோனிலை இருந்துதான் வருது. அதிலை ஏறி ஹம்மிலை இறங்குங்கோ. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாங்கோ."

"ரெயினுக்கையோ விருந்து? சனம் என்ன சொல்லும்?"

"சனம் முழுக்க ஜெர்மன்காரர். ஒண்டும் சொல்லாயினம், பாக்க மட்டும் பாப்பினம்."

போனுக்குள் அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்: "பிட்டோ, இடியப்பமோ?"

அப்போதே வென்றுவிட்டேன் என்று தெரிந்தது. டுசல்டோர்ஃபுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கொலோன் வருகிறது என்றால் அவர்களும் வருவார்கள்.

மறுநாள் ரயில் பிந்தித்தான் வந்தது, அதில் புதினம் இல்லை. எந்தப் பெட்டி என்று தேடவும் தேவையிருக்கவில்லை. கதவு திறந்ததும் கத்தரிக்காய்க் குழம்பு மணந்தது. நான் வழியனுப்பத்தான் போயிருந்தேன். ஆனால் நான் இல்லாத இடத்தில் மச்சாள் என் நண்டுக்கறியைப் பற்றி ஏதும் சொன்னால் யார் பதில் சொல்வது? ஊன்றுகிற பொல்லை முதலில் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன்.

"அம்மா, ரிக்கெற்!" என்று மகள் மேடையில் நின்று கத்தினாள். டுசல்டோர்ஃப்காரன் தன் போனிலேயே எனக்கு ஒன்று எடுத்துவிட்டான்.

பிள்ளையை யன்னலோரம் இருத்தி, இடப்பக்கம் மச்சாள் இடியப்பத்தை வாயில் தீத்த, வலப்பக்கம் டுசல்டோர்ஃப்காரன் கட்லட் நீட்ட, அவளுக்கு மூச்சு விடத்தான் நேரமில்லை. ரிக்கெற் பார்க்கிறவர் வந்து ஏதோ சொன்னார்.

"மணத்தைப் பிடிச்சுக்கொண்டு பெட்டி பெட்டியாத் தேடி வந்தவராம்" என்றான் டுசல்டோர்ஃப்காரன்.

மச்சாள் அவருக்கும் ஒரு கட்லட் கொடுத்தாள். வேலை நேரத்தில் சாப்பிடக்கூடாதாம். கடதாசியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஹம் கிட்டியதும் மச்சாள் கேட்டாளே ஒரு கேள்வி! "அதுசரி பிள்ளை, பெர்லினிலை ஆர்? எங்கடை ஆக்களோ?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன்.

"சிநேகிதி, அம்மம்மா. நாளைக்கு ஜப்பானுக்குப் போறாள். பிறகு காணேலாது."

மச்சாள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். கலியாணம், பந்தி, வெறும் கதிரைகள் எல்லாம் என் கண் முன்னால் வந்துபோயின.

"ஜப்பானோ? அங்கை போய் என்னத்தைச் சாப்பிடப் போறாளோ, பாவம்" என்றாள் மச்சாள். மிஞ்சியதையெல்லாம் பெட்டிகளில் அடைத்து மூடினாள். "கொண்டுபோய் அவளுக்கும் குடு. கொலோன் அம்மம்மா தந்ததெண்டு சொல்லு."

நாங்கள் இறங்கி, ரயில் மறையும்வரை மேடையில் நின்று கை காட்டினோம்.

அன்று பின்னேரமே படம் வந்தது. இரண்டு பெட்டைகளும் நிலத்தில் தோளோடு தோள் சாய்ந்து இருக்கிறார்கள். சுருட்டைத் தலைமயிர்க்காரி கையில் இடியப்பம். எது நல்ல ருசி என்று கேட்டு எழுதுவித்தேன். "எல்லாம்" என்று பதில் போட்டிருந்தாள், கெட்டிக்காரி. ஆனால் படத்தில் நண்டுக்கறிப் பெட்டி மட்டும் வழித்துத் துடைத்தபடி கிடந்தது. அதை எப்போது அவளுடைய பைக்குள் வைத்தேன் என்று மச்சாளுக்கு இன்றைக்கும் தெரியாது.

பேத்தி, இஞ்சை வா. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை படிச்சதைக் காட்டு பாப்பம். நான் எழுதினதை முதலிலை இருந்து வாசி. நண்டுக்கறி வாற இடங்களிலை மட்டும் கொஞ்சம் உரத்து வாசி பிள்ளை, மச்சாள் போனிலை இருக்கிறா.