வாயாடி விழித்திருக்கும்போது

"வெளியே போய் உட்காருங்க, மேடம். ஒரு வார்த்தை பேசினாலும் சரி, ஒரு சைகை காட்டினாலும் சரி, சோதனை ரத்து. புரியுதா?"

உனைசி புருவத்தை உயர்த்தினாள். அந்தத் தீவில், லௌடோகாவில், 'சரி', 'ஆமாம்' என்பதற்கு அது போதும். யாரும் வாய் திறப்பதில்லை.

தலைநகர் சுவாவிலிருந்து வந்திருந்த தேர்வு அதிகாரி அப்பெனிசா கெட்டவரல்ல. உனைசியின் மாணவி லைசானியின் கட்டுரைகளைப் படித்துவிட்டு அவருக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். கையும் காலும் நாக்கும் சொன்னபடி கேட்காத பெண். அவள் இவ்வளவு அழகாக எழுதுவாளா?

"எழுதுறது அவளா? இல்ல, ஏதாவது பேய் புகுந்து எழுதுதா?" என்று காலையிலேயே கேட்டுவிட்டார்.

"பேய் எழுதினா எழுத்துப்பிழை இருக்காது, மாஸ்டர்" என்றாள் உனைசி. அவர் சிரிக்கவில்லை.

இன்று லைசானி தனியாக எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் எட்டாம் வகுப்புத் தேர்வில், அவள் எழுதப் பயன்படுத்தும் கருவியை வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். பிறகு உயர்நிலைப் பள்ளி. தவறினால், இந்தச் சிறப்பு வகுப்பின் ஜன்னலோரமே அவளுக்கு உலகம்.

கரும்பாலைப் புகை கலந்த காற்றில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள் உனைசி. உள்ளே நடப்பது ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையே தெரிந்தது. திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய சொல் ஒளிரும்போது லைசானி புருவத்தை உயர்த்துவாள். நெற்றிப் பட்டையில் உள்ள பொத்தான் அதை உணரும். சொல் வரியில் ஏறும். கருவி உரக்கப் படிக்கும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் வாயாடி.

பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளைத் தூக்கி இறக்கும் வேலைக்குத்தான் உனைசி முதலில் வந்தாள். வகுப்பறைக்குள் அவளை இழுத்தது இறந்துபோன தம்பி. அவனும் பேசாதவன். "பசிக்குதாடா?" என்றால் புருவம் உயரும். "தூங்குறியா?" என்றாலும் உயரும். வீட்டில் எல்லாரும் அவனைச் சமர்த்து என்றார்கள். அவன் 'இல்லை' என்று சொல்ல ஒரு வழியும் இருக்கவில்லை என்பது, அவனை மண்ணுக்குள் இறக்கிய பிறகுதான் உனைசிக்கு உறைத்தது. அந்த நெருப்பு இன்னும் அவள் நெஞ்சில் அணையவில்லை.

"கரும்பு ரயிலைப் பத்தி எழுதும்மா" என்றார் அப்பெனிசா.

"கரும்பு ரயில் போகும்போது" என்றது வாயாடி. உனைசிக்கு மூச்சு வந்தது.

"நல்லா இருக்கே! வெளிச்சம் போதுமா கண்ணு?"

"தேங்காய்" என்றது வாயாடி.

உனைசி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள்.

"தண்ணி வேணுமா?"

"செவ்வாய்க்கிழமை."

"பயப்படுறியா?"

"மாமா."

ஐயோ! பெரியவர் கேட்கிறார், பிள்ளை மரியாதையாக 'ஆமாம்' என்கிறாள். அந்த ஆமாமைத்தான் வாயாடி சொல்லாக எடுத்துக்கொள்கிறது! வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த விதி: வாயாடி விழித்திருக்கும்போது யாரும் எதையும் கேட்கக் கூடாது, கேட்டவன் மதியச் சாப்பாட்டு மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்துவிட வேண்டும். மூச்சு விடுவதுபோலப் பழகிப்போன அந்த விதியை, வந்தவரிடம் சொல்ல உனைசி மறந்துவிட்டாள்!

இப்போது சொல்லலாமா? சொன்னால் ரத்து. சொல்லாவிட்டால் தேங்காய். அவள் எழுந்தாள். அப்பெனிசாவின் பார்வை ஜன்னலுக்குத் திரும்பியது. மறுபடி உட்கார்ந்து, பாவாடை நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கண்ணீர் கழுத்துவரை இறங்கியது. இன்னொரு தம்பியைப் புதைக்கப் போகிறேனா?

உள்ளே அப்பெனிசா பெருமூச்சுடன் பேனாவை மூடினார். "களைச்சுட்டியா, பாவம்? நிறுத்திடலாமா?"

லைசானியின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் புருவம் அசையவில்லை. பெரியவர் கேட்டும் பதில் சொல்லாமல் கல்லாக இருந்தாள். திரையில் சொற்கள் ஒளிர்ந்து ஒளிர்ந்து போயின. அவர் கருவியை அணைக்கக் கை நீட்டினார்.

புருவம் உயர்ந்தது. மறுபடி, மறுபடி உயர்ந்தது.

"வாயை மூடுங்க, மாஸ்டர்" என்றது வாயாடி.

உனைசிக்கு உயிரே போய்விட்டது. ஒரு பெரியவரிடம், அதுவும் விருந்தாளியிடம், எந்தப் பிள்ளையும் சொல்லாத வார்த்தை!

அப்பெனிசாவின் கை அப்படியே நின்றது. வாயாடி ஒவ்வொரு சொல்லாகத் தொடர்ந்தது: "நீங்க கேட்டா என் புருவம் பதில் சொல்லுது. இது தப்பா எழுதுது."

அதற்குப் பிறகு அந்த அறையில் வாயாடி மட்டும்தான் பேசியது. கரும்பு ரயில் போகும்போது தன் சக்கர நாற்காலியும் சேர்ந்து நடுங்குவதாகவும், அப்போது மட்டும் தானே நடப்பதுபோல இருப்பதாகவும் லைசானி எழுதி முடித்தாள்.

வெளியே வந்த அப்பெனிசா கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"தேர்வுக்கு அந்தக் கருவி இருக்கும், மேடம். எழுதினது அவதான். அந்த வார்த்தையை நீங்க சொல்லிக் கொடுத்திருக்க மாட்டீங்க."

"நான் சொல்லிக் கொடுத்திருந்தா முன்னாடி 'தயவுசெஞ்சு' போட்டிருப்பேன், மாஸ்டர்" என்று சொல்வதற்குள் உனைசி உடைந்து அழுதுவிட்டாள்.

உள்ளே ஓடி, வாயாடியை நிறுத்திவிட்டு, நெற்றிப் பட்டையைக் கழற்றினாள். "அடி கொழுப்பெடுத்தவளே! மாஸ்டர்கிட்ட மன்னிப்புக் கேப்பியா?"

லைசானி அவளையே பார்த்தாள். புருவம் அசையவே இல்லை.