எல்லிங்ஸ்ருட்டில் நடந்த இறுதியாட்டம்

மாமாவின் கல்லூரி உதைபந்தாட்ட அணி ஒரு வருடம் முழுக்க ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. நோர்வே நாட்டின் தேசிய கீதத்துக்கு முன்பே எனக்குப் பாடமான செய்தி இது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. பகல் முழுக்க ஊருக்கெல்லாம் சமைத்துவிட்டு, பின்னேரம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்.

அவருடைய தொலைக்காட்சிக்கு மேலே அந்த அணியின் படம் தொங்கியது. பதினொரு பேரும் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, சிரித்தால் அபராதம் என்பதுபோல நின்றார்கள். படத்தின் கீழே அந்த வருடத்து ஆட்டங்கள் மணிமணியான எழுத்தில் வரிசையாக இருந்தன. ஆறு ஆட்டம், ஆறு வெற்றி. ஏழாவது வரியில் ‘இறுதியாட்டம்’ என்றும் எதிர்க் கல்லூரியின் பெயரும் மட்டும். கோல் கணக்குக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஆட்டம் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால், ‘அண்டைக்கு ஊரிலை பிரச்சினை’ என்பார்கள். பெரியவர்கள் அந்தச் சொல்லோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்பதால் நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

எனக்குப் பத்து வயதானபோது ஒரு கலியாண வீட்டில் மாமா அந்த எதிர்க் கல்லூரியின் கப்டனைச் சந்தித்தார். அவர் அப்போதுதான் எங்களுக்குக் கிட்ட, ரொம்சோஸுக்குக் குடிவந்திருந்தார். அன்று ஆடியிருந்தால் யார் வென்றிருப்பார்கள் என்று இருவரும் பந்தியில் தொடங்கிய வாக்குவாதம், பாயாசம் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தது. பதினேழு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை, இறுதியாட்டத்தை ஒஸ்லோவிலேயே ஆடிவிடுவது!

மாமாவின் பதினொரு பேரில் ஐந்து பேர் ஒஸ்லோவில் இருந்தார்கள், இரண்டு பேர் துரொண்ட்ஹெய்மிலிருந்து ரயிலில் வந்தார்கள். எதிர் அணியும் ஏழு பேரைத் தேடிப் பிடித்தது. வேறு ஆட்களைச் சேர்த்தால் என்ன என்று அப்பா கேட்டுப்பார்த்தார். “அந்தப் படத்திலை நிக்கிற ஆக்கள் மட்டும்தான்” என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். மைதானம் எங்களுடையது, அதாவது நான் கோல் கீப்பராக இருந்த சிறுமியர் அணியின் மைதானம். அப்பா எங்கள் பயிற்சியாளரைப் பிடித்து ஒரு சனிக்கிழமை மத்தியானத்தை வாங்கித் தந்தார். ஆகவே அன்று நான் ஒரு வீட்டுக்காரியின் தோரணையோடுதான் போனேன்.

மாமாவின் அந்த ஆறு வெற்றிகளுக்கும் பின்னால் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்கமுன், கோல் கீப்பரான மாமா கோல் வாசலில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார். அன்றைக்கும் அரைக் காற்சட்டையோடு, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து கற்பூரத்தைப் புல்லின் மேலேயே வைத்துக் கொளுத்தினார். அது செயற்கைப் புல். எனக்கு நன்றாகத் தெரியும். அதிலிருந்து வரும் கறுப்பு ரப்பர் துணிக்கைகளை வீட்டுக்குள் கொட்டுகிறேன் என்று அம்மாவிடம் தினமும் திட்டு வாங்குகிறவள் நான். ஆனாலும் வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அதே கோல் வாசலில் நிற்பது நான்தானே, அந்தக் கற்பூரத்தின் அதிர்ஷ்டம் எனக்கும் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று இருந்துவிட்டேன்.

முதலில் நாற்றம் வந்தது. பிறகு கரும்புகை. யாரோ தண்ணீரை ஊற்றினார்கள். கோல் வாசலில் சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்கு ஓர் ஓட்டை. தேங்காய் மாமாவின் கையிலேயே இருந்தது.

“பாய் ஒண்டைப் போட்டு மூடுவம்” என்றார் எதிர்க் கப்டன். பாய் எடுக்க ஆள் ஓடமுன், மைதானத்தைப் பராமரிக்கும் முதியவர் தன் சின்ன உழவு இயந்திரத்தில் வந்துகொண்டிருந்தார். பதினான்கு பேரும் ஓட்டையைச் சுற்றி நெருக்கமாக, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் படத்தில் நின்றதுபோலவே. ஆட்டமும் நின்றுவிடும், என்னையும் அணியிலிருந்து துரத்திவிடுவார்கள் என்று நம்பினேன்.

மாமா சட்டென்று என் கையைப் பிடித்தார். “வா பிள்ளை, உள்ளதைச் சொல்லுவம். எனக்காக நீ கதை.” சமையலறைக்குப் போதுமான நோர்வேஜிய மொழி அவரிடம் இருந்தது. அன்றைக்கு அதுவும் கைவிட்டுவிட்டது. முதியவரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்.

“புல்லை எரிச்சது நான். பிழைதான், மன்னிக்கச் சொல்லு. பதினேழு வருஷத்துக்கு முதல் நடக்கவேண்டிய ஆட்டம் இது. காலமை ரெண்டு அணியும் சைக்கிளிலை வெளிக்கிட்டனாங்கள். வழியிலை ஜீப்பிலை வந்தவங்கள் மறிச்சு, ரெண்டு பேரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். எங்கடை லெஃப்ட் விங், அவையின்ரை கோல் கீப்பர். ரெண்டு பேரும் திரும்பி வரேல்லை. நாங்கள் மிச்சம் இவ்வளவு பேர்தான். இண்டைக்கு மட்டும் எங்களை நிப்பாட்டவேண்டாம் எண்டு சொல்லு, பிள்ளை.”

நான் மொழிபெயர்த்தேன். புல்லை எரித்துவிட்டார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள், முன்பு நடக்காமல் போன ஒரு ஆட்டத்தை ஆடி முடிக்க ஆசைப்படுகிறார்கள். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நீளமாகவும் பழங்கதையாகவும் இருந்ததால் விட்டுவிட்டேன். முக்கியமானதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் கெட்டிக்காரியாம்!

நான் பேசியபோதும் முதியவர் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடம் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் கத்தியை எடுத்து உருகிய விளிம்பை வெட்டி, பழைய புல்விரிப்பில் ஒரு துண்டை அந்த ஓட்டைக்குள் அழுத்தினார். திங்கட்கிழமை வந்து ஒட்டுவதற்கு உதவவேண்டும், இப்போது ஆடுங்கள் என்றார். தேங்காயை வெளியே தார்வீதியில் உடைத்தார்கள். முதியவர் போகவில்லை. அங்கேயே நின்று ஆட்டத்தைப் பார்த்தார்.

ஆட்டம் நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு யாருக்கும் ஓட முடியவில்லை, ஆனால் யாரும் வெளியே போகவும் இல்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். கடைசி நிமிடத்தில் எதிர்க் கப்டன் ஒரு பந்தை உருட்டினார். நான் ஒற்றைக் காலால் மறித்திருப்பேன். அது சோம்பலாக உருண்டு வந்து, மாமா எரித்த ஓட்டையின் ஒட்டுத் துண்டில் தட்டி எழும்பி, மாமாவின் கைக்கு மேலால் உள்ளே போனது.

மாமா முகங்குப்புறக் கிடந்தார். முதுகு குலுங்கியது. நான் அழத் தொடங்கிவிட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்! எதிர்க் கப்டனும் வந்து பக்கத்தில் விழுந்து சிரித்தார். பிறகு பதினான்கு பேரும் அங்கேயே குந்தியிருந்து அம்மா பொரித்துக் கொடுத்த ரோல்ஸைத் தின்றார்கள். முதியவர் இரண்டு தின்று, உறைப்பில் முகம் சிவந்து, மூன்றாவதையும் கேட்டு வாங்கினார்.

பின்னேரம் மாமா படத்தைக் கழற்றி, சட்டத்தைப் பிரித்து, வெறுமையாகக் கிடந்த இடத்தில் 1–2 என்று எழுதினார். பக்கத்தில் இருந்த பழைய எழுத்துக்குக் குறையில்லாத எழுத்து. மை காயும்வரை ஊதினார்.

“தோத்ததை ஏன் எழுதுறீங்கள், மாமா? சும்மா விட்டா ஒருத்தருக்கும் தெரியாதெல்லோ?”

“முடிஞ்சுதெல்லோ, பிள்ளை” என்றார். தோற்ற ஆள் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு வருடத்து வெற்றியை ஒரு பேனாவால் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

சட்டத்தைப் பூட்டி, படத்தைத் தொங்கவிட்ட பிறகும் அவர் நகரவில்லை. இடது ஓரத்தில் நின்ற பெடியனின் முகத்தைக் கண்ணாடிக்கு மேலால் பெருவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே நின்றார். தூசி போகவில்லையாக்கும் என்று நினைத்து, நான் சமையலறைக்கு ஓடிப்போய் ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன். மாமா அதை வாங்கி, கண்ணாடி முழுவதையும் ஒழுங்காகத் துடைத்தார்.