ஹோம் பதிப்பு போதும்

அம்மா போன பிறகு எனக்குத் தமிழ் ஞாயிற்றுக்கிழமை மொழியாகிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே கோப்பு, பேச்சு, டீ நேரத்துச் சிரிப்பு எல்லாம் மலையாளம். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் பாதித் தமிழ் வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீதி வீடுகளின் பிள்ளைகளும் தங்களுக்குள் மலையாளத்தில்தான் சண்டை போட்டார்கள். வாரம் ஒருமுறை அமெரிக்காவிலிருந்து தம்பி போன் செய்யும்போதுதான் வீட்டுத் தமிழ் என் வாயில் வரும். சில வாரங்களில் முதல் இரண்டு வாக்கியம் தடுக்கும்.

தம்பி என்னைவிடப் பத்து வயது இளையவன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்கு மூன்று வருஷம் முன்னால் இங்கேயே கல்யாணம் நடந்து, மனைவியோடு அமெரிக்கா போனான். இருவருக்கும் அங்கே கம்ப்யூட்டர் வேலை.

விண்டோஸ் எக்ஸ்பி வந்த புதிது. "அக்கா, ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கோ, நான் பணம் அனுப்பறேன்" என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். "ரெண்டு விதம் இருக்கு. ஹோம்னு ஒண்ணு, ப்ரொஃபஷனல்னு ஒண்ணு. நீ ப்ரொஃபஷனலே வாங்கு. அப்பதான் ஏதாவது கெட்டுப் போனா நான் இங்கேருந்தே உள்ள நுழைஞ்சு சரி பண்ண முடியும். நீ பக்கத்துல உக்காந்துண்டு இருக்க வேண்டாம்."

மறக்கக் கூடாதென்று அந்தச் சொல்லைப் பஸ்ஸில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஒரு மாடியில் சின்னக் கடை. நடத்தியவள் முப்பது வயதுப் பெண், தமிழ்நாட்டு எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. நான் கேட்ட மலையாளத்தில் என்ன கண்டாளோ, தமிழிலேயே பதில் சொன்னாள்.

"சேச்சி வீட்டுக்குத்தானே வாங்குதீங்க? அப்போ ஹோம் மதி, அதே போதும். ப்ரொஃபஷனல் ஆபீஸ்காரங்களுக்குள்ளது."

தம்பி சொன்னதைச் சொன்னேன்.

"ஆமா, அவரு அங்க இருந்து தனியா உள்ள கேறி வேலை செய்யணும்னா ப்ரொஃபஷனல்தான் வேணும். ஆனா அவரு கேறினதும் இங்க ஸ்க்ரீன் பூட்டிக்கிடும். உள்ள என்ன செய்யாருன்னு நமக்குக் காண முடியாது."

"ஹோம்ல அவனால வரவே முடியாதா?"

"வரலாம். சேச்சி கூப்பிடணும். ஒரு மெயில் அனுப்பணும், அவருக்குப் பாஸ்வேர்ட் சொல்லணும், ரெண்டு பேரும் ஒரே நேரம் முன்னால இருக்கணும். அவரு செய்யது எல்லாம் உங்களுக்கும் தெரியும். நடுவுல டைப் பண்ணிப் பேசவும் செய்யலாம். கொஞ்சம் மெனக்கேடு, அவ்வளவுதான்."

ஒரே நேரம் முன்னால இருக்கணும். அதைக் கேட்ட பிறகு நான் அதிகம் யோசிக்கவில்லை. "ஹோம் போதும்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவளே வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பொருத்தினாள். கடைசியில், இந்தக் கம்ப்யூட்டரை யாரெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று திரை கேட்டது. பேர் எழுத ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டங்கள். முதல் கட்டத்தில் என் பெயரை அடித்துவிட்டு, "இனி யாரு சேச்சி?" என்று திரும்பினாள். ஆள் அரவமில்லாத அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு என் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது.

தம்பிக்குத்தான் கோபம். "அத்தனை தரம் சொன்னேனே அக்கா! இனிமே ஒவ்வொரு தரமும் நீ என்னைக் கூப்பிடணும்."

"கூப்பிடறேன். அதுக்கென்ன?"

முதல் தடவை கூப்பிட்டது ஒரு ஞாயிறு காலை. அவனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம். மோடம் கீச்சிட்டு முடித்ததும் அழைப்பை அனுப்பினேன். அவன் உள்ளே வரலாமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். என் இரண்டு கையும் மடியில் இருந்தன. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து மூலைக்குப் போனது. அந்த வீட்டில் நான் நகர்த்தாத ஒரு பொருள் நகர்ந்து வெகு நாளாகியிருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

திரையோரத்துச் சின்னப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது. "மவுஸைத் தொடாதே அக்கா. நீ இழுத்தா எனக்கும் இழுக்கறது."

அதற்குப் பிறகு வாரத்தில் வரும் சின்னத் தொந்தரவுகளை நான் சரி செய்வதில்லை. எழுத்து சின்னதாகிவிட்டதா, இருக்கட்டும். ஏதோ ஒரு பட்டை காணாமல் போய்விட்டதா, ஞாயிற்றுக்கிழமை வரட்டும். அலுவலகத்தில் யாராவது, "அது இப்படி அழுத்தினா போதும்" என்று சொல்ல ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆற்றுகால் கோயில் பொங்காலைக்கு முந்தின ஞாயிறு, பிரிண்டருக்காக அவனைக் கூப்பிட்டிருந்தேன். வெளியே தெரு ஓரமெல்லாம் பெண்கள் அம்மனுக்குப் பொங்கலிட அடுப்புக்குச் செங்கல் வைத்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், "பால் வெச்சிருக்கேன், இதோ வரேன்" என்று டைப் செய்துவிட்டு எழுந்து போனேன். அடுப்பை அணைத்துவிட்டு உடனே வந்து உட்கார்ந்தேன். திரும்பி வந்துவிட்டதை டைப் செய்ய நினைத்தவள் நிறுத்திவிட்டேன்.

தம்பி பிரிண்டரை விட்டுவிட்டுப் படங்கள் இருந்த இடத்துக்குப் போயிருந்தான். அவன் கல்யாண ஆல்பத்தை அந்தப் பாறசாலைப் பெண்ணின் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். ஒவ்வொரு படமாகத் திறந்தான். எனக்கு உடனே முழுப் படமும் தெரிந்தது. அந்த டெலிபோன் கம்பியில் அவனுக்கு அது துண்டு துண்டாகத்தான் போய்ச் சேரும். ஆனாலும் காத்திருந்து பார்த்தான். மாலை மாற்றும் படம். ஊஞ்சல் படம். அவன் மனைவி எதற்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ஒரு படத்தில் அம்புக்குறி அவள் முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. நின்றதுதான், நகரவே இல்லை.

கொஞ்சம் பொறுத்து எழுத்து வந்தது. "அக்கா, வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"எத்தனை நேரமாச்சு?"

"கொஞ்ச நேரம் ஆச்சு."

பிறகு ஒவ்வொரு வரியாக வந்தது.

"அவ போயிட்டா அக்கா."

"ஓணத்துக்கு முன்னாலயே."

"சண்டை எல்லாம் ஒண்ணும் இல்லை. இங்க இருக்கப் பிடிக்கலை, என்னோட இருக்கவும் பிடிக்கலைன்னா. நான் யார்கிட்டயும் சொல்லலை."

ஆறு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் போனில், "அவ எப்படி இருக்கா?" என்று கேட்டிருக்கிறேன். "நன்னா இருக்கா, குளிச்சிண்டிருக்கா" என்பான். "கடைக்குப் போயிருக்கா" என்பான். நானும் சரி என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். அத்தனை நாளும் என் வீட்டைப் போலவே அந்த வீட்டிலும் ஒரே ஆளின் செருப்புதான் வாசலில் கிடந்திருக்கிறது.

ஆறுதல் சொல்ல அம்மாவுக்குத் தெரியும், எனக்கு வராது. கடைசியில் அடித்தது இதுதான்:

"ராத்திரிக்கு என்ன சாப்பாடு?"

"இன்னும் இல்லை. பசிக்கலை."

"அரிசி இருக்கா?"

"இருக்கு."

"தயிர்?"

"அதுவும் இருக்கு."

"போய் சாதம் வெச்சு சாப்பிட்டுட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

பதில் வரவில்லை. அவன் எழுந்து போய்விட்டான் என்று புரிந்தது. அந்தக் கல்யாணப் படத்தின் மேல் அம்புக்குறி அப்படியே நின்றது. மவுஸை நான் தொடவில்லை. வெளியே யாரோ செங்கல்லுக்காகச் சண்டை போட்டார்கள். கனெக்ஷன் அறுந்துவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் என் கவலை. அடுப்பிலேயே இருந்த பால் ஆறி ஏடு படிந்திருக்கும். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. உலகத்தின் அந்தப் பக்கம் ஒருவன் சாதம் வடித்துச் சாப்பிடுகிற நேரம் முழுவதும் நான் அசையாத ஓர் அம்புக்குறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அது கடைசியில் நகர்ந்தது. படம் மூடியது.

"சாப்பிட்டேன் அக்கா" என்று வந்தது. தொடர்ந்து, "பிரிண்டர் சரியாயிடுத்தா பாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதுவும் கெட்டிருக்கவில்லை. இருந்தாலும் அழைப்பு அனுப்பினேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, உள்ளே வந்தான். சமைத்ததை எல்லாம் எழுதினான். ரசத்தில் புளி அதிகமாகிவிட்டது என்றான். ப்ரொஃபஷனலுக்கு மாற்றிக்கொள் என்று அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மழைக்காலம் வரைக்கும் இது நடந்தது. பிறகு அவனுக்கு வேலை மாறியது. புது ஊர், கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டர். அது இந்த மாதிரி அழைப்பை எல்லாம் உள்ளே விடவில்லை. மறுபடியும் நாங்கள் போனுக்கே வந்துவிட்டோம். அவன் குரல் தெளிவாகத்தான் கேட்டது. இங்கே மழையா, அங்கே பனியா, ஆபீஸில் என்ன விசேஷம் என்று பேசிக்கொண்டோம். அவளைப் பற்றி அவன் போனில் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. விரலால் சொன்னதை வாயால் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை.