றஷீத் காக்காவின் சனலை அழித்தவள்

றஷீத் காக்கா மௌத்தான செய்தி முதலில் கட்டாரில் இருந்துதான் வந்தது. எங்கள் ரசிகர் குழுவில் ஒருவர் 'இன்னாலில்லாஹி' என்று போட்டிருந்தார். அதன் கீழே இலண்டன்காரர் ஒருவர் 'ஆர்?' என்று கேட்டிருந்தார். பதில் வருவதற்கு முன்பே எங்கள் தெருப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பெயரைச் சொல்லிவிட்டது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து இளைப்பாறிய றஷீத், அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவாமலே வாசலுக்கு வந்து நின்றேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் எழுத வேண்டியது இரங்கல் மட்டுமல்ல. அவர் மௌத்தாகிப் பத்தொன்பதாம் நாள், கச்சான்காற்று சனல் இணையத்தில் இல்லாமல் போனது. யாரோ களவாகப் புகுந்துவிட்டார்கள் என்று குழுவில் எழுதினீர்கள். செய்தவன் கை அழுகிப் போகட்டும் என்று ஒருவர் சபித்தார். அந்தச் சாபத்தை இனிச் சரியான விலாசத்துக்கு அனுப்பலாம். அழித்தது நான்தான். கடவுச்சொல் அவருக்கு அடுத்ததாக என்னிடம் மட்டுமே இருந்தது என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றாதது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கச்சான்காற்று என்பது சாய்ந்தமருது, காரைதீவு, பாண்டிருப்பு ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து நடத்திய இசைக்குழு. மூன்று முஸ்லிம்கள், மூன்று தமிழர்கள். விளையாட்டுக் கழக விழா, கோயில் திருவிழா, கலியாண வீடு என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய் வாசித்தார்கள். ஒரு பாட்டைத் தொடங்கினால் எப்போது முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. பாடகர் பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, தேவா என்பவரின் கிற்றாரும் றபான் மேளமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அரை மணித்தியாலம் போகும். அவர்கள் இசைத்தட்டு எதுவும் வெளியிடவில்லை. முன்வரிசையில் மடியில் கசற் ரேடியோவை வைத்துக்கொண்டு றஷீத் காக்கா பதிந்த கசற்றுகள் மட்டுமே இருந்தன. இளைப்பாறிய பிறகு அவற்றைக் கணினியில் ஏற்றி, மாதம் ஒன்றாக இணையத்தில் வெளியிட்டார்.

அந்தக் குழுவை நான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படியான இடங்களுக்குப் போவதில்லை. போயிருந்தால் வாப்பா காலை முறித்திருப்பார். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கடற்கரை நிகழ்ச்சி அரைகுறையாகக் கேட்கும், அவ்வளவுதான். ஐம்பது வயது தாண்டிய பிறகு சனலில் முதல் ஒலிப்பதிவைக் கேட்டேன். கேட்டு அழுதுவிட்டு, அழுததைக் காட்டிக்கொள்ளாமல், கீழே அவர் எழுதியிருந்த குறிப்பில் உள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பினேன். "டீச்சர், குத்தம் புடிக்கிற நேரத்துக்கு நீங்களே எழுதித் தாங்களன்" என்று குரலில் பதில் வந்தது. அன்று தொட்டு அவர் சொல்ல நான் எழுதினேன்.

அவர் லேசான மனிதர் அல்ல. கசற்றுகளை யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். நீண்ட வாசிப்புகளைச் சுருக்கிப் போட்டால் இளம் பிள்ளைகளும் கேட்பார்கள் என்று கனடாவில் இருந்து ஒருவர் நயமாகச் சொன்னார். "பஸ்ஸப் பாதி வழில நிப்பாட்டி ஆக்கள இறக்கிற வேல என்னால ஏலா" என்று பதில் போட்டுவிட்டு, அந்த மாதம் வேண்டுமென்றே ஆகவும் நீளமானதை வெளியிட்டார். ஒரே பாட்டு, நாற்பத்தொரு நிமிடம். கனடாக்காரர் மூன்று வாரம் குழுவில் வாய் திறக்கவில்லை.

ஒருமுறை ஒரு கசற்றின் ஊர் பற்றிக் குழுவில் பெரிய சண்டை. உறையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. காரைதீவு என்று ஒரு கட்சி, நிந்தவூர் என்று மறு கட்சி. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கினால் இசைக்குழுவினர் வாசிப்பை நிறுத்திவிடுவார்கள். தேவா தமிழர் என்றாலும், கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அடக்குவதில் அவர்தான் முந்திக்கொள்வாராம். றஷீத் காக்கா மட்டும் பதிவை நிறுத்தமாட்டார். அந்த நாடாவிலும் நடுவில் தூரத்துப் பாங்கு கேட்டது. அதை மட்டும் நாலைந்து தரம் கேட்டுவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார்: "இது ரெண்டுமில்ல. அட்டாளைச்சேன மோதினார்ர கொரல். கடைசியில இழுக்கிற இழுவையப் பாருங்க." அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அந்த மோதினாரின் பேரன் துபாயில் இருந்து எழுதி, மூத்தவாப்பாவின் குரல் தங்களிடம் இல்லை, அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். காக்கா மறுபேச்சில்லாமல் வெட்டி அனுப்பினார்.

ஊருக்கு ஊர் போக்குவரத்து நின்றுபோன கெட்ட காலத்திலும் அவர் போயிருக்கிறார். பாண்டிருப்பில் ஒரு நிகழ்ச்சி. முஸ்லிம் ஆள் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாத வாரம். போனவர், இடையில் கூட்டம் முறுகுவதைக் கண்டும் எழும்பவில்லை. "பாட்டு முடியாம எழும்பினா மரியாத இல்ல" என்பது அவருடைய மார்க்கம். முடிந்ததும் தேவா தன் சைக்கிள் பாரில் அவரை ஏற்றி, ரேடியோவைச் சாறனால் மூடி, எல்லைவரை மிதித்துக் கொண்டுவந்து விட்டாராம். வழியில் இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "கதைச்சா பேச்சுல ஊரு தெரிஞ்சிரும் டீச்சர்" என்றார்.

பிறகு சுனாமி வந்தது. தேவாவைக் கடல் கொண்டுபோனது. உடலும் கிடைக்கவில்லை. காக்காவின் வீட்டில் சுவர்கூட மிஞ்சவில்லை, ஆனால் கசற்றுகள் டிப்போ அலுமாரியில் இருந்ததால் தப்பின. தேவா வாசித்தது என்று உலகத்தில் எஞ்சியது அந்த அலுமாரிக்குள் இருந்ததுதான். 

பாட்டும் வாத்தியமும் பாவம் என்று எங்களில் பலர் சொல்வதுண்டு; ஒரு நாள் நான் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "காக்கா, நாளைக்கு மறுமையில இந்தப் பாட்டுகளப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவீங்க?" அவர் சிரித்தார். "கேட்டன், ரசிச்சன், ஒருத்தருக்கும் கேடு செய்யல்ல எண்டு சொல்லுவன். மிச்சத்த அவன் பாத்துக்குவான்." குரற்செய்தி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று வந்தது, மிகச் சிறியது. "பயமில்லாம இல்ல, டீச்சர்."  

அவர் போன பிறகு நினைவு நிகழ்ச்சி பற்றிய பேச்சு வந்தது. மிஞ்சியிருக்கும் பாடகரையும் இளம் வாத்தியக்காரர்களையும் சேர்த்துக் கல்முனைக் கடற்கரையில் நடத்தலாம் என்றார்கள் சிலர். முப்பத்தோராம் நாள் பொருத்தம் என்றார்கள் தமிழ் நண்பர்கள். மௌத்தான மனிசனுக்குப் பாட்டுக் கச்சேரியா, நாற்பதாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதினால் போதாதா என்றார்கள் எங்கள் ஆட்கள். நேற்றுவரை தேவாவின் கிற்றாருக்கு இதயப் படம் போட்டவர்கள்தான் இவர்களும். வாய்ப் பந்தல் போட்டே ஒரு மாதம் ஓட்டினோம். கடைசியில் கத்தமும் இல்லை, கச்சேரியும் இல்லை.

இந்தப் பந்தலுக்கு நடுவே ஒரு காலைப்பொழுதில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி நஸீரா ராத்தா, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். வெளி ஆண்கள் பார்க்க முடியாது, நான் பெண் என்பதால் உள்ளே போக முடிந்தது. வெள்ளைச் சேலையோடு கட்டிலில் இருந்தார். தேநீர் வந்தது. அதை நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"புள்ள, அந்தப் பாட்டெல்லாம் இன்னும் போகுதா?"

"ஓம் ராத்தா. ஆக்கள் கேட்டுக்கொண்டுதான் இரிக்காங்க."

"அவங்க கேக்கக் கேக்க இவர்ர ஏட்டுலதானே எழுதப்படும்? பள்ளிவாசல் பயான்ல சொன்னாங்க. விட்டுட்டுப் போன நன்மையும் கபுறுக்குப் போகுமாம், பாவமும் போகுமாம். அவர் எழும்பி வந்து அழிக்க ஏலுமா?"

கசற்றுகளை ராத்தாவின் தம்பி ஏற்கனவே வளவில் தென்னோலை போட்டு எரித்துவிட்டார். கணினியையும் துடைத்தாயிற்று. மீதி இருந்தது சனல் மட்டும்.

எனக்குக் கோபம் வந்தது. படிப்பித்த வாய் சும்மா இருக்குமா? "பாவமெண்டு ஆர் ராத்தா முடிவாச் சொன்ன? அதுல பாங்குச் சத்தமும் கிடக்கே. அதையும் அழிக்கவா?"

அவர் கோபிக்கவில்லை. "பாவமில்லயெண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியா. தெரிஞ்சா நான் என்னத்துக்குப் பயப்பிடுற? தெரியாததாலதான் புள்ள கண்ண மூட ஏலாமக் கிடக்கு."

 உங்கள் எல்லோருடைய ரசனையையும் ஒரு தட்டிலும் அந்த மனுசியின் பயத்தை மறு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். பயமில்லாமல் இல்லை என்று அவரே சொன்னதை நான் மட்டும்தான் கேட்டிருந்தேன். கைபேசியைத் திறந்தேன்.

"பொறு" என்றார் ராத்தா. "அழிக்க முன்னுக்கு ஒருக்காப் போடு. மழ பேஞ்ச அது."

போட்டேன். ஒலுவிலில் பதிந்தது. கரண்ட் போய், மழையும் பிடித்து, ஒலிபெருக்கி இல்லாமலே அவர்கள் வாசித்த பதிவு. மழை இரைச்சலுக்குள் கிற்றார் எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. கூட்டம் கலைகிற சத்தம். அப்போது நாடாவுக்கு ஆகவும் கிட்டவாக ஓர் இளந்தாரிக் குரல் கத்துகிறது: "முடிக்காதீங்க மச்சான், நான் இரிக்கன்!"

ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கலியாணத்துக்கு முந்திய காக்காவின் குரல் அது. "இந்தக் கொரல நான் மறந்தே போயிருந்தன் புள்ள" என்றார். பாட்டு முடியும்வரை இருவரும் அசையவில்லை. முடிந்ததும் முகத்தைத் துடைத்தார்.

"இப்ப அழி."

அவர் பார்த்திருக்க அழித்தேன். உறுதிதானா என்று அது இரண்டு தரம் கேட்டது. பிரதி ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டு ராத்தாவின் முகத்தை என்னால் பார்க்க முடியாது. நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. பிழை என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. நெஞ்சு மட்டும் இன்றுவரை ஆறவில்லை.

காக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தச் சிறிய குரற்செய்திதான். அதில் பாட்டு இல்லை என்பதால் ராத்தாவுக்கும் ஆட்சேபம் இருக்காது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவருடைய பிழைகளைப் பொறுக்கும்படி அல்லாஹ்விடம் கேட்கிறேன். பிறகு, இறந்தவரிடம் கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டே, என் பிழையைப் பொறுக்கும்படி அவரிடம் கேட்கிறேன்.

இன்னும் ஒருத்தி இருக்கிறாள். தேவாவின் மகள், கடல் வந்தபோது கைக்குழந்தை. இப்போது வெளிநாட்டில் படிக்கிறாள். தமிழ் எழுத அவ்வளவாக வராது. சனல் மறைந்த மறுநாள் எனக்கு எழுதினாள்: 'டீச்சர், அப்பாவைக் காணவில்லை.' நான் இன்னும் பதில் எழுதவில்லை. உங்களில் யாராவது அந்தப் பதிவுகளை எங்காவது சேமித்து வைத்திருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.