ஏரி நிரம்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்

போன வாரம் தம்பி கேட்டான். "ஏம்ப்பா, ஞாயித்துக்கெழம ஆனா ஊட்டுக்குள்ளயே சுருண்டு கெடக்கற? முன்னயெல்லாம் எங்களையும் கூட்டிக்கிட்டு ஏரிக்குப் போவியே?" அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாப்பாவுக்குப் பாதி தெரியும். மீதியையும் பிள்ளைகள் இரண்டு பேரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். மில் வேன் ஓட்டுகிறவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பிறந்ததிலிருந்து போன வருடம் ஆடி வரை நம் ஊர் ஏரியில் தண்ணீர் நின்றதில்லை. ஏரி என்றால் அவனுக்கு அது ஒரு மைதானம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஊரில் பாதி அங்கேதான் இருக்கும். நடுவில் பையன்கள் கூட்டம் கூட்டமாகக் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு கூட்டம் அடித்த பந்தை இன்னொரு கூட்டம் பிடித்துக்கொண்டு "அவுட்டு" என்று கத்தும். கரையோரம் கார் பழகுகிறவர்கள் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு சுற்றுவார்கள். போர் போடுகிற ரிக் வண்டிக்குப் போய்விட்டு லீவில் வந்தவர்கள் கருவேல மர நிழலில் சீட்டு ஆடுவார்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர், இளம்பிள்ளைக்குத் தறி ஓட்டப் போகிறவர், யாராக இருந்தாலும் வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. கறிக்கடைப் பையை வண்டிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, "அஞ்சு நிமிசம் பாத்துட்டுப் போலாம்" என்று நின்றுவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதில் நானும் ஒருவன் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

மதகுப் பக்கம் வண்டல் படிந்து மண் மெத்தென்று இருக்கும். அங்கேதான் பெண்பிள்ளைகள் கபடி ஆடினார்கள். நீங்கள் அக்கா என்று கூப்பிடுகிற நம் தெருப் பெண்தான் அவர்களுக்குக் கோச். அவர் என் வேனில் மில்லுக்கு வருகிறவர், நூல் சுற்றுகிற வைண்டிங் செக்சனில் வேலை. பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடியவராம். கல்யாணத்தோடு அது நின்றது. வார லீவில் அவர் வீட்டில் படுத்துக் கிடக்காமல் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு கோடு போடக் கிளம்பினார். பாப்பா லெஃப்ட் கார்னர். சுமாராக ஆடுவாள். கோபித்துக்கொள்ளாதே பாப்பா, உனக்கே தெரியும்.

அந்த டீமில் ஒரு பிள்ளை இருந்தாள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ரைடு போனால் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். அவளுடைய அப்பா லாரியில் லோடு ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறவர். அம்மா ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிக்கிறவர். அவள் ஆட்டத்தை ஒரு காலேஜ் விளையாட்டு சார் பார்த்துவிட்டு, "மாவட்டப் போட்டியில ஆடிட்டு சர்டிபிகேட்டோட வரட்டும், விளையாட்டுக் கோட்டாவுல சீட்டு, ஹாஸ்டல் எல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்தப் போட்டி தை மாதம். அதுவரை டீம் கலையாமல் இருந்தால் போதும்.

கோச் ஒருநாள் வேனில் என் சீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து சொன்னார். "ஏனுங்ணா, இந்தப் புள்ளைக்கு அந்தச் சீட்டு கெடைக்கலீன்னா நேரா நம்ம மில்லுதாங்ணா. நான் வந்த மாதிரியே வந்துருவா."

"அதெல்லாம் கெடைக்கும் சாமி" என்று நான்தான் சொன்னேன்.

ஆடி முடியும் சமயத்தில் ஏரிக்குத் தண்ணீர் வந்தது. மேட்டூரில் மிஞ்சிப் போகிற தண்ணீரைக் குழாய் போட்டு ஏரிகளுக்குத் திருப்பினார்கள். ஊரே கரையில் நின்றது. மஞ்சளும் பூவும் போட்டார்கள், தப்பட்டை அடித்தார்கள், கிடா வெட்டினார்கள். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். நம் வீட்டு போர்வெல்லில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த காலம் அது. உங்கள் அம்மா குடம் தூக்கி நடந்ததை மறந்துவிட்டு என்னால் பேச முடியாது.

கபடிப் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். தண்ணீர் மதகுப் பக்கம்தான் முதலில் ஏறியது. போன வாரம் போட்ட வெள்ளைக் கோடு கொஞ்ச நேரம் அடியில் தெரிந்தது, பிறகு கலங்கி மறைந்தது. டீமில் சின்னவள் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, இது எப்பக்கா வத்தும்?"

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் திரும்பினார். "வாயக் கழுவு புள்ள! தண்ணி வந்தன்னைக்கே வத்தறதப் பத்திப் பேசறா பாரு!"

சின்னவள் கோச்சின் பின்னால் ஒதுங்கினாள். ஒருவர் இடத்தைப் பிடுங்கிக்கொண்டால் அவர்மேல் கோபப்படலாம். தண்ணீர்மேல் யார் கோபப்படுவது?

கிரிக்கெட் பையன்கள் பைக்கில் வேறு ஊருக்குப் போனார்கள். சீட்டுக்காரர்கள் டாஸ்மாக் பக்கம் ஒதுங்கினார்கள். பெண்பிள்ளைகளுக்குத்தான் போக்கிடம் இல்லை. நானும் கோச்சும் இடம் கேட்டு அலைய ஆரம்பித்தோம்.

பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் தன்மையாகத்தான் பேசினார். "லீவு நாள்ல ஒரு புள்ளைக்கு அடிபட்டாலும் நாந்தானுங்க கையக் கட்டி நிக்கோணும். மேல இருந்து எழுதி வாங்கியாங்க, தொறந்து வுடறேன்." மேலே என்பது எங்கே என்று கடைசி வரைக்கும் எங்களுக்குப் பிடிபடவில்லை.

கோயில் மைதானத்தில் தர்மகர்த்தா கேட்டார். "சாமிக்கு முன்னால டவுசரப் போட்டுக்கிட்டு புள்ளைங்க கட்டிப் பொரண்டா நல்லாவா இருக்குது?"

"பசங்க பொரண்டா மட்டும் நல்லா இருக்குதுங்களா?" என்றார் கோச்.

"அவனுங்க பசங்கம்மா" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

பைபாஸ் ஓரம் பிளாட் போட்ட இடத்தில் ஒரு வாரம் ஆடினார்கள். சரளை மண், முட்டியெல்லாம் கிழிந்தது. மனை வாங்கப் பார்க்க வந்த ஒருவர் முகம் சுளித்தாராம். புரோக்கர் வந்து விரட்டிவிட்டார்.

கடைசியில் ரைடர் பிள்ளையின் அம்மாதான் தன் சேகோ மில் முதலாளியிடம் கேட்டார். ஜவ்வரிசி காய வைக்கிற சிமெண்ட் களம் அங்கே ஏக்கர் கணக்கில் இருக்கிறது. முதலாளி நல்ல மனுஷர். "ஒரு பக்கம் சும்மாதானே கெடக்குது, ஆடிட்டுப் போவட்டும் சாமி. காயற சரக்குப் பக்கம் மட்டும் வரக்கூடாது" என்றார்.

சிமெண்டில் கபடி ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். முதல் நாளே எல்லோருக்கும் முழங்கை உரிந்துவிட்டது. ரைடர் பிள்ளை கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். "மாமா, இங்க வுழுந்தா கெழங்கு மாதிரி உரியுதுங்க!"

அவள் அம்மா ஓரத்திலிருந்து கத்தினார். "நான் உரிச்சாக் கூலி குடுக்கறாங்க. உனக்கு எவ குடுப்பா?"

அன்றைக்கு எல்லோரும் அப்படிச் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் தேங்காய் மஞ்சித் தூள் யோசனை வந்தது. மஞ்சி மில்லில் தேங்காய் மட்டையிலிருந்து நார் உரித்த பிறகு குவிந்து கிடக்கிற பழுப்புத் தூள். கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். அதைத் தண்ணீர் விட்டு நனைத்து, கனமாகப் பரப்பி மிதித்தால் மெத்தை மாதிரி ஆகிவிடும். ஆடி முடித்ததும் கூட்டி அள்ளிவிடலாம். யார் முதலில் சொன்னார்கள் என்று நினைவில்லை. எல்லோருக்கும் சரியென்றுதான் பட்டது. முதலாளியும் தலையாட்டினார். கோச்சின் வீட்டுக்காரர் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். இரண்டு ஞாயிறு நன்றாகவே போனது. விழுந்தால் வலிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பழைய வேகம் வந்தது. காலேஜ் சாருக்கு அனுப்ப வேண்டும் என்று கோச் போனில் வீடியோ எடுத்தார்.

மூன்றாவது ஞாயிறு, புரட்டாசி. வெயில் பொசுக்கியது. மதியத்துக்குள் சிமெண்ட் சூட்டில் தூள் முழுக்கக் காய்ந்து பொடியாகிவிட்டதை ஆட்ட மும்முரத்தில் யாரும் கவனிக்கவில்லை. களத்தின் மறுபக்கம் புதுசாக உருட்டி வறுத்த ஜவ்வரிசி ஈரம் போகாமல் வெள்ளையாகப் பரப்பிக் கிடந்தது. மழைக்கு முன்னால் அடிக்குமே, ஒரு சுழல்காற்று, அது வந்தது. நின்ற இடத்தில் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். திறந்து பார்த்தபோது வெள்ளை வேட்டியில் மூக்குப்பொடியைக் கொட்டின மாதிரி இருந்தது அந்தப் பக்கம். ஈரத்தில் ஒட்டிக்கொண்டதால் ஊதினாலும் போகவில்லை, புடைத்தாலும் போகவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் போய் முறத்தோடு உட்கார்ந்து பொறுக்கினார்கள். பாப்பா, நீயும் பொறுக்கினாய். அழுதுகொண்டே பொறுக்கினாய். மழை தூற ஆரம்பித்தது.

முதலாளி வந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். திட்டவில்லை. "வுடுங்க சாமி, பொறுக்கித் தீர்ற சமாச்சாரமா இது? நவராத்திரிக்கு வடக்க போற சரக்கு. வெரதத்துக்குத் திங்கறது. ஒரு பழுப்பு கெடந்தாலும் சாம்பிள்லயே தள்ளிப்போடுவாங்க." கையில் இருந்ததைக் கீழே விட்டார். "ஊட்டுக்குப் போங்க. மழ வருது."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எங்களுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். நஷ்டத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்கிற வசதி அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் இல்லை.

மறுநாள் தோல் உரிக்கப் போன ரைடர் பிள்ளையின் அம்மாவிடம் சூப்பர்வைசர், "கொஞ்ச நாள் ஊட்ல இருங்கம்மா, சொல்லி அனுப்பறோம்" என்றாராம். சொல்லி அனுப்பவே இல்லை. நானும் கோச்சும் போய்ப் பேசிப் பார்த்தோம்.

"மொதலாளி ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றார் சூப்பர்வைசர். "ஆனா அவரு போற வார வழியில அந்தம்மாவ எப்படீங்க உக்கார வெக்கறது? பாக்கறப்பெல்லாம் அவருக்கு அந்த ஞாபகந்தானே வரும்?"

"அந்தம்மா என்னங்க தப்புப் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலீங்க" என்றார் அவர். அதுவும் உண்மைதான்.

அதற்கு அடுத்த ஞாயிறு, கரைமேலாவது ஓடிப் பழகலாம் என்று கோச் கூப்பிட்டார். பாதிப் பேர்தான் வந்தார்கள். பிறகு அதிலும் குறைந்தது. ஒருத்தியின் வீட்டில் கேட்டரிங் வேலைக்கு அனுப்பினார்கள். ஒருத்தியின் அப்பா, "ஒரு குடும்பத்து வேலையக் கெடுத்தாச்சு, போதும்" என்றார். பாப்பா, நீ பரீட்சை இருக்கிறது என்றாய். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை நான் தப்பாக நினைக்கவில்லை.

கபடிக்கு ஏழு பேர் வேண்டும். போட்டிக்குப் பெயர் கேட்டுப் போன் வந்தபோது நாலு பேர்தான் இருந்தார்கள். கோச் விரல்விட்டு இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார். பிறகு, "இந்த வருசம் எங்க டீம் வரலீங்க" என்று சொல்லி வைத்தார்.

அப்படியும் விடவில்லை. பக்கத்து ஊர் டீமில் அந்த ஒரு பிள்ளையை மட்டுமாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். "எங்க புள்ளைங்களயே பாதிப் பேர வெளிய உக்கார வெச்சிருக்கறனுங்க" என்றார் அந்த கோச். வீடியோவை எடுத்துக்கொண்டு காலேஜ் சாரையும் போய்ப் பார்த்தோம். அவர் முழுசும் பார்த்தார். "புள்ள ஆட்டம் எனக்குத் தெரியாதாம்மா? மேல கேக்கறது சர்டிபிகேட்டு. அது இல்லாம நான் எதை நீட்டறது?" டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. இதைத்தான் நான் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். ஒருவரையாவது பிடித்து, இவரால்தான் என்று சொல்ல முடிந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். ஏரி இந்த வருடமும் நிறைந்திருக்கிறது. கரையில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நம் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் கொட்டுகிறது.

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் அந்தப் பிள்ளைக்கு மில்லில் வேலை கேட்டுப் பேசியது கோச்தான். வேறு யார் இருக்கிறார்கள் பேச? அந்த வீட்டில் அப்போது உலை வைக்க வழியில்லை. தன் செக்சனிலேயே போடச் சொல்லிக் கேட்டு வாங்கினார். மில்லில் இப்போது ஆளுக்கு ஒரு நாளாக வார லீவை மாற்றிவிட்டார்கள், கோச்சுக்கு வெள்ளிக்கிழமை. அந்தப் பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை.

முதல் நாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் டிபன் பையோடு நின்றாள். வேன் நின்றதும் ஏறி, "மாமா" என்று மட்டும் சொன்னாள். கோச் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார். பின் சீட்டிலிருந்து வயதான ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"புதுசா சாமி? எந்த செக்சன்?"

"வைண்டிங்குங்க."

"அட, அதுல பூரா நேரமும் மிசினுக்கும் மிசினுக்கும் ஓடிக்கிட்டே இருக்கோணுமே. காலு தாங்குமா உனக்கு?"

கோச் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தாங்குமுங்க" என்றாள் அந்தப் பிள்ளை.

இன்னும் இரண்டு ஸ்டாப் பாக்கி இருந்தது. நான் கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன்.