பால் ஊற்றக் கூடாத கெட்டில்

ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷமாக லைன் போட்டுக் கொடுக்கிறவள் என்பதால் அவளை எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றே கூப்பிட்டார்கள். வீட்டிலும் தங்கை இருந்தாள், தங்கை வீட்டுக்காரர் இருந்தார். சாப்பிட வா என்று கூப்பிடத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

அம்மா அவள் பேருக்கு விட்டுப்போன வீடு. ரெண்டு மாசம் இருந்துவிட்டுப் போகிறோம் என்று வந்த தங்கையும் வீட்டுக்காரரும் நாலு வருஷமாக இருக்கிறார்கள். வந்த முதல் வருஷமே அவள் பிறந்தநாளுக்குத் தங்கை ஒரு மின்சாரக் கெட்டிலைப் பரிசாகக் கொடுத்தாள்.

“வேலையிலேர்ந்து அலுத்துப்போய் வர்றே. அடுப்படியில வந்து நிக்கணுமாக்கா? ரூம்லயே ஒரு வாய் டீ போட்டுக்கோ.”

பைத்தியக்காரி, உருகிப்போனாள். மறுநாள் ஆஸ்பத்திரி முழுக்கப் பெருமையடித்தாள். வெளியே போ என்பதை இவ்வளவு அழகாகக் காகிதம் சுற்றித் தரமுடியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

டீயோடு நின்றதா? “நீ வர்ற நேரமும் இவர் சாப்பிடுற நேரமும் ஒத்துவரலக்கா. ரெண்டு முட்டை அதுலயே வேகாதா?” வெந்தது. தண்ணீர் கொதித்து விசை தானாக அணைந்ததும் மூடியைத் திறக்காமல் பத்து நிமிஷம் விட்டால் போதும். ஓட்ஸுக்குக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றித் தட்டால் மூடினாள். அரிசியைக் கழுவி பிளாஸ்கில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி இறுக மூடினால் காலையில் கஞ்சி. அடியில் வெள்ளையாக உப்புப் படிந்தால் எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கொதிக்கவிட்டாள். எதைச் சொன்னாலும் முடியாது என்று சொல்லத் தெரியாத சமர்த்து. அந்தச் சமர்த்துதான் அவளுக்கு எமனாக வந்தது. சாப்பாட்டு மேஜையில் அவள் நாற்காலி மேல் இஸ்திரிக்குப் போகும் துணிமூட்டை ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு டீச்சர் வந்திருந்தாள். “அக்கா உங்களோட சாப்பிடுறதில்லையா?” என்று அவள் கேட்டது அறைக்குள் கேட்டது.

“அவளுக்குத் தனியா சாப்பிட்டாத்தான் தொண்டையில இறங்கும்” என்று தங்கை சிரித்தாள்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா கெட்டிலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். இந்தக் கெட்டிலில் பால் ஊற்றக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷமாகப் பால்பவுடரைக் கரைத்தே காலம் தள்ளியவள். அன்று கடைக்குப் போய் அரை லிட்டர் பால் வாங்கிவந்து, முழுவதையும் அதில் ஊற்றி விசையைத் தட்டினாள். பால் பொங்கி, மூடியைத் தள்ளி, அடித்தட்டுக்குள் இறங்கியது. பட்டென்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

“என்னக்கா ஆச்சு?”

“கெட்டில் போச்சுடி!” கல்யாணச் சேதி சொல்வதுபோல் சொன்னாள்.

தங்கை வீட்டுக்காரர் பியூஸைச் சரிசெய்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குளியலறை பல்பை மாற்ற ரெண்டு மாசமாக நாள் பார்க்கிற மனுஷன். அக்கா மேஜைக்கு வரப்போகிறாள், தயிரோ பழமோ வாங்கப் போகிறார் என்று எக்ஸ்சேஞ்ச் அக்கா நினைத்தாள். முகம் கழுவி, பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே தட்டுகள் எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. வெட்கமாக இருந்தது.

தங்கை கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

“இவரே ஓடிப்போய் வாங்கிட்டு வந்தாருக்கா. இதுல பால்கூடக் காய்ச்சலாமாம், ஒண்ணும் ஆகாதாம். இனிமே எதுக்குமே நீ அடுப்படிப் பக்கம் வரவேண்டாம்.”

பெட்டியை அக்கா மடியில் வைத்தபோதுதான் தங்கை புடவையைக் கவனித்தாள்.

“எங்கயாவது கிளம்புறியாக்கா?”

“இல்லடி” என்றாள் அவள். “சும்மா கட்டிப் பார்த்தேன்.”